அந்தக் காலத்தில் யாருக்கு வந்தது மனச்சோர்வு?

கேள்வி: திருச்சிக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். வயது 41. ஐந்து மாதமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கம் திரும்பிவிட்டது. வகுப்பில் முன்போல நின்று பேச முடிகிறது. ஆனால் என் மாமியார், "எங்க காலத்துல இப்படி ஒரு வியாதியே கிடையாது. உங்களுக்கெல்லாம் வேலை குறைஞ்சு போச்சு, அதான் வருது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கெட்ட மனசு கிடையாது அவருக்கு. எனக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடிய பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர். கேட்டுக் கேட்டு இப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முந்தைய நூற்றாண்டுகளில் இந்த நோய் இருந்ததா? இருந்தது என்றால் மாத்திரை இல்லாமல் என்ன செய்தார்கள்? தானாகச் சரியாகிவிட்டதா? அப்படியானால் நானும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பார்க்கலாமா? வரலாறு நடத்துகிறவள் என்பதால் ஆதாரத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும், டாக்டர்.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

இந்த நோய் அந்தக் காலத்திலும் இருந்தது. சுமார் 2,400 வருஷத்துக்கு முன்பே கிரேக்க மருத்துவர்கள் அதை எழுதிவைத்திருக்கிறார்கள். ஹிப்போகிரேட்டஸின் பெயரில் வழங்கும் மருத்துவச் சூத்திரங்களில் ஒன்று, பயமும் துக்கமும் நெடுநாள் நீடித்தால் அது மெலன்கோலியா என்கிறது. 'நெடுநாள்' என்ற அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். துக்கம் எல்லோருக்கும் வரும், போகாமல் தங்கிவிட்டால்தான் நோய் என்று அப்போதே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இன்றைக்கு நாங்கள் குறைந்தது இரண்டு வாரம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அடிப்படை யோசனை அவர்களுடையதுதான்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் மெலன்கோலியா என்று சொன்னதும் இன்று நாங்கள் மனச்சோர்வு என்று சொல்வதும் அச்சாக ஒன்றல்ல. அவர்களுடைய வட்டம் பெரியது. சோர்வோடு, காரணமில்லாத பயம், விசித்திரமான நம்பிக்கைகள் எல்லாமே அதற்குள் அடக்கம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் பார்த்த கேலன் சில நோயாளிகளைப் பற்றி எழுதுகிறார். ஒருவர் தான் மண்பாண்டமாக மாறிவிட்டதாக நம்பி, யாராவது இடித்தால் உடைந்துவிடுவோம் என்று விலகி விலகி நடந்தார். இன்னொருவருக்கு இதைவிடப் பெரிய கவலை. உலகத்தைத் தோளில் தாங்கி நிற்கும் அட்லஸ் தேவனுக்கு என்றாவது கை ஓய்ந்து, அவன் கீழே போட்டுவிட்டால் நம் கதி என்ன ஆகும் என்று தூங்காமல் கிடந்தார். சிரிப்பு வரலாம். ஆனால், ஊரெல்லாம் நிம்மதியாகத் தூங்கும்போது ஒரு பேரழிவுக்குத் தனியாகக் காவல் இருப்பதுபோல விழித்துக் கிடப்பவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். அட்லஸுக்குப் பதில் பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன், அவ்வளவுதான்.

காரணம் என்ன என்று கேட்டால் அவர்கள் சொன்ன பதில் கரும்பித்தம். நாம் வாதம், பித்தம், கபம் என்று மூன்று சொல்வதுபோல அவர்கள் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு சொன்னார்கள். கரும்பித்தம் குளிர்ச்சியும் வறட்சியும் உடையது, மண்ணீரலோடு சம்பந்தப்பட்டது, இலையுதிர் காலத்தில் மிகும், அதன் ஆவி மூளைக்கு ஏறினால் மனம் இருண்டுபோகும். இருட்டில் எவரும் பயப்படுவதுபோல, உள்ளே இருட்டு புகுந்தவர்கள் எந்நேரமும் பயப்படுகிறார்கள் என்பது கேலனின் விளக்கம். அப்படி ஒரு திரவம் உடம்பில் கிடையவே கிடையாது. இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு ஐரோப்பாவும் மேற்காசியாவும் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தன.

பார்த்த வைத்தியம் என்ன? முதலில் பத்தியம். மாட்டிறைச்சி, முயல் கறி, முட்டைக்கோஸ், பருப்பு வகைகள், பழைய பாலாடைக்கட்டி, கறுத்த கெட்டியான ஒயின் எல்லாம் கூடாது. எளிதில் செரிக்கும் ஈரப்பதமுள்ள சாப்பாடு, வெதுவெதுப்பான குளியல், நடை, நல்ல தூக்கம், மனதுக்குப் பிடித்தவர்களோடு இருப்பது ஆகியவை கூடும். அப்புறம் பேதி. ஹெல்லிபோர் என்ற விஷச்செடியின் வேரைக் கொடுத்து வயிற்றைக் கழுவினார்கள், அளவு தப்பினால் ஆளே போய்விடும். கையில் நரம்பைக் கீறி ரத்தம் எடுத்தார்கள். மெலன்கோலியா உள்ளவருக்கு மூலம் வந்தால் அது நல்ல சகுனம் என்றுகூட ஹிப்போகிரேட்டஸ் சூத்திரங்களில் இருக்கிறது. கெட்டது தானாக வெளியேறுகிறதாம்!

சித்தாந்தம் தப்பு, மருந்தில் பாதி ஆபத்து. ஆனாலும் அந்தக் கொள்கையால் நோயாளிக்கு ஒரு நன்மை இருந்தது. பித்தம் மிகுந்தது அவர் குற்றமல்ல. காய்ச்சல் வந்தவரை யாரும் திட்டுவதில்லை. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் மாமியார் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த மாதிரிதான்.

சரி, உங்கள் மாமியாரின் கட்சிக்கு வருவோம். 'வேலை இல்லாததால் வருவது' என்பதற்கும் நீண்ட வரலாறு உண்டு. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்தியப் பாலைவனத்தில் தனித்தனிக் குடிசைகளில் கிறிஸ்தவத் துறவிகள் வாழ்ந்தார்கள். அவர்களில் எவாக்ரியஸ் என்பவர், துறவிகளைப் பீடிக்கும் 'நண்பகல் பேய்' ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். காலை பத்து மணி வாக்கில் வந்து பிற்பகல் இரண்டு மணிவரை பிடித்துக்கொள்ளும். அப்போது சூரியன் நகராததுபோல இருக்கும். ஒரு பகல் ஐம்பது மணி நேரம் நீள்வதாகத் தோன்றும். துறவி ஜன்னலைப் பார்ப்பார், வெளியே வந்து சாப்பாட்டு வேளை ஆகிவிட்டதா என்று சூரியனைப் பார்ப்பார். இருக்கிற இடம் பிடிக்காது, செய்கிற வேலை பிடிக்காது. கூட இருப்பவர்களுக்கு நம்மீது அன்பே போய்விட்டது, ஆறுதல் சொல்ல ஒருவரும் இல்லை என்று தோன்றும். வேறு எங்காவது போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனம் சொல்லும். சொந்தக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள்.

இந்தப் பகுதியை என் நோயாளிகள் சிலருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு வங்கி ஊழியர், "இதை எழுதியவர் எங்க கிளையில வேலை பார்த்தாரா சார்?" என்றார்.

அவர்கள் கண்ட மருந்து உழைப்பு. ஓடாதே, உட்கார், கையால் ஏதாவது செய். எவாக்ரியஸுக்குப் பின் வந்த காசியன், பாலைவனத்தின் உட்பகுதியில் வாழ்ந்த ஒரு துறவியைப் பற்றிச் சொல்கிறார். அவர் ஆண்டு முழுவதும் ஓலைவேலை செய்வார். சந்தை ஏழு நாள் நடைதூரம், கொண்டுபோகிற கூலி விலையைவிட அதிகம். எனவே வருஷக் கடைசியில் செய்தது எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து எரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பயன் பொருளில் இல்லை, கை ஓயாமல் இருப்பதில் இருக்கிறது. இதில் உண்மை உண்டு. நாங்களும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, மனம் வரட்டும் என்று காத்திருக்காமல் சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்யச் சொல்கிறோம். செய்யச் செய்யத்தான் மனம் பின்னால் வருகிறது.

கோளாறு வேறு இடத்தில் நேர்ந்தது. துறவிகளின் இந்தச் சோர்வு மெல்ல மெல்லப் பாவங்களின் பட்டியலில் போய்ச் சேர்ந்தது. ஏழு பெரும் பாவங்களில் ஒன்றாக 'சோம்பல்' இருக்கிறதே, அது இந்த வழியில் வந்ததுதான். பித்தம் ஏறியவருக்குப் பத்தியம் கொடுத்தார்கள். பாவம் செய்தவருக்கு என்ன கொடுப்பார்கள்? புத்திமதி. ஏற்கெனவே தன்னைத்தானே குற்றவாளியாக நினைப்பதுதான் இந்த நோயின் தன்மை. அதன்மேல் ஊரும் சேர்ந்து ஆமாம் என்றால் நோயாளி எங்கே போவார்? நோயா, சோம்பலா என்ற இந்த வழக்கு பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. உங்கள் வீட்டு அடுப்படியில் நடப்பது அதன் சமீபத்திய வாய்தா.

மேற்காசியாவில் கதை வேறு மாதிரிப் போனது. கிரேக்க நூல்கள் அரபியில் மொழிபெயர்க்கப்பட்ட பிறகு, அங்கே இருந்த மருத்துவர்கள் அவற்றை அப்படியே ஒப்பிக்கவில்லை. 10ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், இன்றைய துனிசியாவில் உள்ள கைரவானில் வாழ்ந்த இஷாக் இப்னு இம்ரான் மெலன்கோலியாவுக்கு என்றே ஒரு நூல் எழுதினார். அன்பானவர்களை இழப்பது ஒரு காரணம் என்கிறார், கூடவே அறிஞர் ஒருவர் தம் புத்தகங்களை இழப்பதையும் சேர்க்கிறார். பின்னால் இத்தாலியில் லத்தீனுக்கு மாற்றப்பட்டு, ஐரோப்பியர்கள் பல காலம் படித்த நூல் அது.

அதே காலத்தவர் அபூ ஸைத் அல்-பல்கீ. எனக்கு மிகவும் பிடித்த ஆள். 934இல் இறந்தார். உடம்பின் நலமும் மனதின் நலமும் சேர்ந்தே பார்க்கப்பட வேண்டும் என்று எழுதியவர். துக்கத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, காரணம் தெரிந்தது: சாவு, சொத்து நஷ்டம், விரும்பியது கைநழுவிப் போவது. இன்னொன்று, காரணமே தெரியாமல் வந்து அமர்ந்து, எந்த வேலையிலும் மனம் செல்லாமல், எதிலும் சந்தோஷம் இல்லாமல் ஆக்கிவிடுவது. இரண்டாவது, ரத்தம் கெடுவதால் உடம்பிலிருந்து வருவது, அதற்கு உடம்புக்கான மருந்தும் வேண்டும், அதோடு ஆறுதலான பேச்சும் வேண்டும் என்கிறார். அவசரத்துக்கு வீட்டில் மருந்து வாங்கி வைப்பதுபோல, மனம் நன்றாக இருக்கும் நாட்களிலேயே நல்ல எண்ணங்களைச் சேர்த்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் யோசனைதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆள். இவருடைய ரத்தக் கோட்பாட்டை விட்டுவிட்டால் மீதியை இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம்.

பாரசீக மருத்துவ மேதை இப்னு சீனாவைப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் இறந்து நூறு வருஷத்துக்குப் பின் ஒரு பாரசீக நூலில் பதிவானது. நடந்ததா என்று கேட்காதீர்கள், ஆனால் அந்தக் கால வைத்தியர்கள் எதை மெச்சினார்கள் என்று காட்டுகிறது. ஓர் இளவரசன், தான் ஒரு மாடு என்று நம்பினான். என்னை வெட்டிக் குழம்பு வையுங்கள் என்று கத்துவான், சாப்பிட மறுத்தான், உடம்பு துரும்பாகிவிட்டது. இப்னு சீனா வருவதற்கு முன்பே, கசாப்புக்காரர் வருகிறார் என்று அவனிடம் சொல்ல வைத்தார். பிறகு கத்தியோடு உள்ளே நுழைந்தார். கையும் காலும் கட்டிப் படுக்க வைத்து, மாட்டு வியாபாரி பார்ப்பதுபோல விலாவைத் தடவிப் பார்த்தார். "சே, எலும்பும் தோலுமாக இருக்கிறதே, இதை வெட்டி என்ன பயன்? தீனி போட்டுக் கொழுக்க வையுங்கள், அப்புறம் வருகிறேன்" என்று எழுந்துவிட்டார். கொழுக்க வேண்டுமே என்று இளவரசன் சாப்பிடத் தொடங்கினான். சாப்பாட்டில் மருந்தும் கலந்து கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் குணம்.

நோயாளியோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மனம் நொந்தவரைத் "தைரியமாக இரு" என்று மிரட்டும் நம் வழக்கத்தை நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

இசையையும் மருந்தாகக் கொடுத்தார்கள். துருக்கியில் எதிர்னே நகரத்தில் சுல்தான் இரண்டாம் பாயசீத் 1488இல் கட்டி முடித்த மருத்துவமனை இன்றும் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். 17ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயணி எவ்லியா செலெபி, மனநோயாளிகளுக்காகப் பத்துப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் நியமிக்கப்பட்டு, வாரத்துக்கு மூன்று முறை வாசித்ததாக எழுதியிருக்கிறார். ஸ்பெயினில் ஐந்தாம் பிலிப் மன்னர் படுக்கையை விட்டு எழாமல், உடை மாற்றாமல் கிடந்தபோது, அரசி 1737இல் ஐரோப்பாவின் புகழ்பெற்ற பாடகர் ஃபாரினெல்லியை வரவழைத்தார். அவர் பொதுமேடையையே விட்டுவிட்டு, 1746இல் மன்னர் இறக்கும்வரை அநேகமாக ஒவ்வொரு இரவும் அவருக்காகப் பாடினார். மன்னர் எழுந்து முகம் மழித்துக்கொண்டு வேலையைக் கவனித்த நாட்களும் இருந்தன. ஆனால் நோய் போகவில்லை. பாட்டு ஆறுதல் தரும். உலகத்தின் மிகச் சிறந்த குரலே ஒன்பது வருஷம் பக்கத்தில் இருந்தும் குணமாகாத நோய் இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதெல்லாம் ராஜா வீட்டுச் சமாச்சாரம், சாதாரண ஜனங்களுக்கு இருந்ததா என்று உங்கள் மாமியார் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு ஓர் அருமையான ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் கிரேட் லின்ஃபோர்டு என்ற கிராமத்தில் ரிச்சர்ட் நேப்பியர் என்றொரு பாதிரியார், 1634இல் இறந்தவர். ஜாதகமும் பார்ப்பார், மருந்தும் கொடுப்பார். வந்தவர்களின் பெயர், வயது, வந்த நேரம், சொன்ன குறை எல்லாவற்றையும் எழுதிவைப்பது அவர் பழக்கம். அந்த நோட்டுகள் ஆக்ஸ்ஃபோர்டில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் மனக்குறைக்காக வந்தவர்கள் மட்டும் சுமார் 2,000 பேர். விவசாயிகள், வேலைக்காரப் பெண்கள், கைவினைஞர்கள், பிரபுக்கள் எல்லோரும் இருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். அவர்கள் சொன்ன காரணங்களைப் படித்தால் நூற்றாண்டு மறந்துபோகும். காதல் முறிந்தது, கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான், குழந்தை செத்துவிட்டது, கடன்.

அந்த நோட்டுகளில் இன்னொன்றும் தெரிகிறது. பிரபு வீட்டுக்காரருக்கு வந்தால் 'மெலன்கலி' (மெலன்கோலியாவின் ஆங்கில வடிவம்) என்று எழுதுவது வழக்கம். ஏழை வீட்டுப் பெண்ணுக்கு வந்தால் 'மந்தமாக, உம்மென்று இருக்கிறாள்' என்கிற மாதிரி ஒரு சொல். காரணம், அப்போது மெலன்கலி ஒரு பெருமையாகவே ஆகியிருந்தது. அறிவாளிகளுக்கும் கலைஞர்களுக்கும் இது கூடவே பிறந்தது என்று பழைய கிரேக்கக் குறிப்பு ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொண்டு ஃபிளாரன்ஸ் நகரத்து ஃபிசினோ 1489இல் ஒரு நூல் எழுதினார். அவருக்கே இந்த நோய் இருந்தது. ராக்கண் விழித்துப் படிக்காதீர்கள், சூரியனோடு எழுந்து படியுங்கள் என்று அதில் புத்தி சொன்னார். ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1514இல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் சிறகு முளைத்த பெண்ணாக மெலன்கலியைச் செதுக்கினார். அப்புறம் பணக்கார இளைஞர்கள் கறுப்பு உடை உடுத்திக் கைகட்டிச் சோகமாக நிற்பது ஃபேஷன் ஆனது. இன்றைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நடப்பது அன்றைக்கு உடையில் நடந்தது. நிஜமாக நோய் உள்ளவர்களுக்கு இதனால் ஒரு நன்மையும் வந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தின் பெரிய புத்தகம் ராபர்ட் பர்ட்டன் 1621இல் வெளியிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த பாதிரியார், தம்முடைய மெலன்கலியிலிருந்து தப்பிக்கவே மெலன்கலியைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் அதே புத்தகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். ஜாதகம், சாப்பாடு, காற்று, காதல், கடவுள் எதையும் விடவில்லை. கடைசியில் அவர் தருகிற அறிவுரை ரொம்பச் சின்னது: தனியாக இருக்காதே, சும்மா இருக்காதே. நூற்றைம்பது வருஷம் கழித்து, வாழ்நாள் முழுக்க இதே நோயோடு போராடிய ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் அதைத் திருத்தி ஒரு நண்பருக்கு எழுதினார்: சும்மா இருக்க நேர்ந்தால் தனியாக இருக்காதே, தனியாக இருக்க நேர்ந்தால் சும்மா இருக்காதே. அனுபவஸ்தர் பேச்சு. இரண்டையும் ஒரே நாளில் சரிசெய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

இதுவரை சொன்னதில் இதமானவையே அதிகம். கொடுமைகளும் இருந்தன. லண்டனில் பெத்லெம் மருத்துவமனையில் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்தார்கள். 1770 வரை பொதுமக்கள் வந்து வேடிக்கை பார்க்கலாம். 1815இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, அங்கே இருந்த மருத்துவர் தாமஸ் மன்றோ தம் சிகிச்சை முறையை விவரித்தார். மே மாதக் கடைசியில் ரத்தம் எடுப்போம், பிறகு வாந்தி மருந்து, அப்புறம் பேதி மருந்து. ஏன் என்றதற்கு, இது என் தகப்பனார் வழியாக வந்தது, இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது என்றார். நோயாளிக்கு நோயாளி வித்தியாசம் கிடையாது, பருவத்துக்குப் பருவம் எல்லோருக்கும் ஒரே மருந்து. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டிய பதில்.

1790இல் யார்க் நகரத்துக் காப்பகத்தில் ஹன்னா மில்ஸ் என்ற இளம் விதவை மெலன்கலிக்காகச் சேர்க்கப்பட்டார். குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். சபையினர் பார்க்கப் போனபோது அனுமதி இல்லை. சில வாரங்களில் அவர் உள்ளேயே இறந்துபோனார். அந்தச் சாவு சபையாரை உலுக்கியது. தேயிலை வியாபாரி வில்லியம் ட்யூக் முன்னின்று பணம் திரட்டி, 1796இல் யார்க்குக்கு வெளியே ரிட்ரீட் என்று ஓர் இல்லம் திறந்தார். அங்கே தோட்டம் உண்டு, முயலும் கோழியும் உண்டு. நோயாளிகளுக்கு நல்ல உடை உடுத்தி உட்கார்ந்து டீ குடிக்கும் விருந்து உண்டு. அங்கே வந்த மருத்துவர் வழக்கப்படி ரத்தம் எடுப்பது, பேதி கொடுப்பது எல்லாவற்றையும் முயன்று பார்த்தார். பிரயோஜனம் இல்லை என்று ஒப்புக்கொண்டு ஏறக்குறைய எல்லாவற்றையும் கைவிட்டார். மெலன்கலி உள்ளவர்களுக்கு வெந்நீர்க் குளியல் மட்டும் கேட்டது என்று பதிவாகியிருக்கிறது. தூக்கம் வராதவர்களுக்கு அபினுக்குப் பதில் ராத்திரி ரொட்டி, இறைச்சி, பாலாடைக்கட்டி, கூடவே கறுப்பு பீர் கொடுத்து வயிறு நிறைய வைத்துப் படுக்க அனுப்பினார்கள். தூங்கினார்கள். பீரை நான் சிபாரிசு செய்யவில்லை, இப்போது அது மாத்திரையோடு ஒத்துப்போகாது.

நம் பக்கம்? ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் மனநோய்களுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது, நோயை வளர்ப்பவற்றில் முதலிடம் விஷாதத்துக்கு, அதாவது மனவாட்டத்துக்கு, என்றும் அது சொல்கிறது. சங்கப் பாட்டில் மகள் உண்ணாமல் மெலிந்தால் தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள், அவன் முருகன் அணங்கு என்று ஆட்டுக்குட்டியை அறுக்கிறான். காரணம் தெரிந்த தலைவியும் தோழியும் உள்ளுக்குள் சிரிக்கிறார்கள். நீங்கள் வகுப்பிலேயே இதைச் சொல்லலாம். கிரேக்கக் கரும்பித்தம் யுனானியில் 'ஸவ்தா' என்று நம் ஊர்வரை வந்து இன்றும் புழங்குகிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே குணசீலம் பெருமாள் கோயிலில் மனம் பாதிக்கப்பட்டவர்களை 48 நாள் தங்கவைக்கும் வழக்கம் இருக்கிறது. காவிரிக் குளியல், வேளைக்குப் பூஜை, கூடவே சொந்தக்காரர்கள். ரிட்ரீட்டில் நடந்ததற்கும் இதற்கும் அவ்வளவு தூரம் இல்லை. ஆனால் ஏர்வாடியும் நம் ஊர்தான். 2001 ஆகஸ்டில் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள்.

தானாகச் சரியானதா என்று கேட்டீர்கள். பலருக்கு ஆனது. மனச்சோர்வு ஒரு முறை வந்தால் பல மாதம் இருந்துவிட்டு, சிகிச்சை இல்லாமலேயே பலருக்கு விலகும். கரும்பித்த வைத்தியம் இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்த ரகசியமும் அதுதான். ஆறு மாதம் பேதி கொடுத்தால் ஆறாம் மாதம் நோய் போகும், புகழ் பேதிக்குச் சேரும். ஆனால் அந்த ஆறு மாதத்தில் ஒருவர் எதையெல்லாம் இழப்பார் என்பதும், திரும்ப வருமா என்பதும் வேறு விஷயம். வில்லியம் கௌப்பர் என்ற ஆங்கிலக் கவிஞரை எடுத்துக்கொள்ளுங்கள். 1763இல் முதல் முறை படுத்தார், நல்ல மருத்துவர் கிடைத்தார், தேறினார். 1773இல் மறுபடி. அதிலிருந்து மீளும்போது முயல்குட்டிகளை வளர்த்தார், மரவேலை செய்தார், தோட்டம் போட்டார், உலகம் படிக்கிற கவிதைகளை எழுதினார். உயிராகப் பார்த்துக்கொள்ள நண்பர்கள் இருந்தார்கள். 1787இல் மறுபடி. 1794இல் வந்தது 1800இல் அவர் இறக்கும்வரை போகவே இல்லை. அந்தக் காலத்து நல்ல வைத்தியம் அத்தனையும் கிடைத்த மனிதர் அவர். நாங்கள் இன்று கொடுக்கிற மாத்திரைகளின் முன்னோடிகள் 1950களில்தான் வந்தன, அதுவும் காசநோய் மருந்து சாப்பிட்டவர்கள் திடீரென்று உற்சாகமாகிவிட்டதைக் கவனித்ததில் ஆரம்பித்து. அவை எல்லோருக்கும் கேட்பதில்லை. உங்களுக்குக் கேட்டிருக்கிறது.

மாமியாரோடு வாதாட வேண்டாம். இப்னு சீனா செய்ததுபோல அவர் பக்கத்திலிருந்தே ஆரம்பியுங்கள். அவர் ஊரில், அவர் வயதில், பிள்ளை பெற்ற பிறகு பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த பெண்கள் யாராவது இருந்தார்களா என்று ஒரு மாலை நேரத்தில் சும்மா கேட்டுப் பாருங்கள். பேய் அடித்தது, காத்து கருப்பு, யாரோ செய்வினை வைத்தார்கள், 'அவ ஒரு மாதிரி' என்று கதைகள் வரும். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். பாசமுள்ளவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இது காய்ச்சல் மாதிரி உடம்பையும் சேர்த்துப் பிடிக்கிற நோய் என்று வெள்ளைக் கோட்டு சொன்னால் கேட்கக்கூடும். வேலை செய்தால் நல்லது என்று அவர் சொல்வதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். அதில் அவருக்குப் பாதி மார்க் உண்டு. தினமும் அரை மணி நேர நடைக்கு அவரையே துணைக்கு அழைக்கலாம்.

மாத்திரை விஷயம். குணம் தெரிந்தவுடன் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். அதனால், முழுதாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். நீங்கள் ஆரம்பித்தே ஐந்து மாதம்தான் ஆகிறது. திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கக்கேடு, எரிச்சல், உடம்பில் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். நோய் திரும்பிவிட்டதோ என்று அதுவே பயமுறுத்தும். நிறுத்துகிற காலம் வரும்போது படிப்படியாக அளவைக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். எப்போதாவது வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள். மற்றபடி அடுத்த சந்திப்பில் உங்கள் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நான் முழுதாகத் தேறிவிட்டதாக எந்த நாளிலிருந்து கணக்கு? இன்னும் எத்தனை மாதம்? குறைக்கும்போது எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு? பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.